அப்பாவுக்குச் சொன்ன ஐந்து நாவல்கள்

வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் பொதுவாகப் பாட்டுத்தான் கேட்பார்கள். போன மாதம் ஒரு தம்பி, "அக்கா, நீங்க அடிக்கடி மாயாஜாலக் கதை, அறிவியல் புனைகதைன்னு பேசுறீங்களே, எதுல ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க" என்றார். நேரலையில் எனக்குக் கிடைத்தது முப்பது விநாடி. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டேன். அந்தத் தம்பிக்கு நான் தர வேண்டிய முழுப் பதில் இதுதான்.

ஆனால், இந்தப் பட்டியலை நான் போடவில்லை. அப்பா போட்டது.

அப்பா கிள்ளானில் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் சிறுநீரகத்தைப் பாதித்த பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். செவ்வாயும் வியாழனும் அண்ணன் அழைத்துப்போவார். சனிக்கிழமை என் முறை. கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருப்பவருக்கு நான்கு மணி நேரம் என்பது ரொம்ப நீளம். தொலைக்காட்சி பிடிக்கவில்லை. என் கையில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, "பொய்க் கதை படிக்கத்தான் டிகிரி வரைக்கும் படிக்க வெச்சேனா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, என்னா கதை? சொல்லு" என்றார்.

முதலில் தமிழிலேயே தொடங்கினேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. காணாமல்போன கணவனைத் தேடும் நிலா. அவளுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய். 'நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ' என்று அப்பா விரல்விட்டு எண்ணினார். "எல்லாப் பேரும் ரெண்டே எழுத்து. கவனிச்சியா பாப்பா?" எனக்கு முன்பே அவர் பிடித்துவிட்டார். சுஜாதா கற்பனை செய்த காலம் 2021ஐ ஒட்டியது. நாம் அதைக் கடந்தே வந்துவிட்டோம். ஆனாலும் ஜீனோ பழசாகவில்லை. தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு இதுதான் வாசல். பிடித்துப்போனால் 'மீண்டும் ஜீனோ' காத்திருக்கிறது.

அடுத்தது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்', 1965இல் வந்தது. படம் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். புத்தகம் தடிமன், முதல் நூறு பக்கம் பொறுமை வேண்டும். ஆனால் அப்பாவுக்கு அந்தப் பாலைவனக் கிரகத்தை விளக்க வேண்டியே வரவில்லை. அவருக்கு டாக்டர் அனுமதித்தது ஒரு நாளைக்கு 500 மில்லி தண்ணீர்தான். வேர்வையையும் மூச்சின் ஈரத்தையும் சேமித்து மீண்டும் குடிக்கும் உடையை அங்குள்ளவர்கள் அணிவார்கள் என்றதும், "எனக்கும் அந்த ஊர்க்காரனுக்கும் ஒரே டாக்டர் போல" என்றார். ஒருவர் முன்னால் எச்சில் துப்புவது அங்கே மரியாதை, உடம்பின் ஈரத்தையே பரிசாகக் கொடுப்பது போல. அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்துவிட்டார்.

மூன்றாவது ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்', 1979. டேனா ஒரு கறுப்பினப் பெண். 1976இல் கலிஃபோர்னியாவில் வாழ்கிறவள், திடீரென்று அடிமை முறை இருந்த காலத்து மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பையனை அவள் காப்பாற்றியாக வேண்டும். அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் அவள் பிறக்கவே மாட்டாள். அவனோ வளர்ந்து அடிமைகளின் எஜமானாகப் போகிறவன். பட்லர் எந்த இயந்திரத்தையும் விளக்குவதில்லை. அது எப்படி நடக்கிறது என்றே சொல்வதில்லை. அப்பா ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தாத்தா வந்த கப்பல்ல என்னைக் கொண்டு போய் விட்டா, திரும்பிப் போங்கன்னு சொல்வேனா, வாங்கன்னு சொல்வேனா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த நாவல் கடினமான வாசிப்பு. சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நான்காவது நம்ம நாட்டுக் கதை. மலேசிய எழுத்தாளர் ஜென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்', 2021. அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ் பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். அவள் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல் கேட்கிறது. பாட்டி ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியவள். கோயில் நிலத்தில் கண்வைத்திருக்கும் பணக்காரனிடம் அவளுக்குத் தீராத கணக்கு. மாயாஜாலம் என்றால் கோட்டையும் டிராகனும்தான் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். பாத்திரங்கள் பேசும் ஆங்கிலம் நாம் மாமாக் கடையில் கேட்கும் ஆங்கிலம். "இதுல என்னா கற்பனை? இது நடக்குறதுதானே" என்பது அப்பாவின் விமர்சனம்.

ஐந்தாவதைத்தான் அன்று நேரலையில் சொன்னேன். உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ', 1968. கெட் ஒரு தீவுப் பையன், செம்பழுப்பு நிறம். "நம்ம பையன்" என்று அப்பா உடனே சேர்த்துக்கொண்டார். மந்திரப் பள்ளியில் படிக்கும்போது வீம்புக்கு ஒரு மந்திரத்தைச் சொல்கிறான். அதில் ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அது துரத்துகிறது, அவன் ஊர் ஊராக ஓடுகிறான்.

அந்த இடத்தில் கதை நின்றபோது அப்பா சொன்னார்: "போதும் பாப்பா. அடுத்த வாரத்திலேர்ந்து நான் வரல."

தினமும் நான்கு மணி நேரம் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அன்று எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. புதன் இரவு மூச்சு வாங்கியது. அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். யாரும் திட்டவில்லை, கெஞ்சவில்லை. நடுராத்திரியில் அப்பா கேட்டார்: "அந்தப் பையன் இன்னும் ஓடிக்கிட்டா இருக்கான்?"

"இல்லப்பா. பழைய குருகிட்ட போறான். குரு, ஓடாதே, திரும்பு, நீ அதைத் துரத்துன்னு சொல்றாரு."

"புடிச்சிட்டானா?"

"சனிக்கிழமை சொல்றேன்."

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வருவதற்கு முன்பே சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். புத்தகம் அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். மூச்சுத் திணறல் பயமுறுத்தியிருக்கலாம். அம்மாவின் மௌனமாக இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை, நான் உட்காரும் முன்பே "ம், சொல்லு" என்றார். கெட் அந்த நிழலை எப்படி எதிர்கொண்டான் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அப்பா கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். போன வருடம் தவறினார். அந்த வரிசையின் இரண்டாம் புத்தகமான 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' பாதியில் நின்றது.

ஆகவே தம்பி, ஒரு யோசனை. இந்த ஐந்தில் எதை எடுத்தாலும் படித்து முடித்ததும், ஆங்கிலம் படிக்காத ஒருவருக்கு வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அம்மாவோ, தாத்தாவோ, தூங்க மறுக்கும் பிள்ளையோ. கதை நிஜமாகவே புரிந்ததா என்பது அப்போதுதான் தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி எந்த விமர்சனத்திலும் இருக்காது.

அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து, பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்கா ஒருவர் கூப்பிட்டார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கல்லறைக்குள்ள இருட்டுல மாட்டிக்கிட்டாங்களே, அந்தக் கதை என்னா ஆச்சு?" இத்தனை நாளும் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மீதிக் கதையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினேன், ஏழு பகுதிகளாக. இப்போது மூன்றாவது புத்தகம் போய்க்கொண்டிருக்கிறது. சனிக்கிழமைகளில் அனுப்புகிறேன்.