ரிடையர் ஆன பேக்கேஜ்கள்

செம்பூர் வந்த நாளா ஆபீஸ்ல ஃபெடோராதான் மக்களே. அதுல ஒரு பேக்கேஜைப் பார்த்துக்கிறவர் கைவிட்டா அது அனாதை. ஆறு வாரத்துல யாரும் தத்தெடுக்கலைன்னா ரிடையர்மெண்ட். 2024ல வந்த ஃபெடோரா 41ல பைத்தான் 2.7 கூடப் போயாச்சு.

ஆனா நம்ம பொட்டியில ஏற்கெனவே இருக்கிறது பல சமயம் தானா போகாது. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராம சும்மா உட்கார்ந்திருக்கும்.

பட்டியல் எடுக்க நாலு வரி ஸ்கிரிப்ட் போதும். பழைய, புது வெளியீடு ரெண்டுலயும் உள்ள பேக்கேஜ் பெயர்களை எடுத்து, சார்ட் பண்ணி, ‘காம்’ கமாண்டில ஒப்பிட்டா, பழசுல மட்டும் இருக்கிறது தனியா விழும். பெயர் மாறினதும் அதுல கலந்திருக்கும், கழிச்சுடணும்.

நான் முதல்ல தேடுறது தமிழ் எழுத்துருவும் கீபோர்டும்தான். மாட்டுங்காவில ஒரு மாமி, நான் கொடுத்த லேப்டாப்புலதான் ஊருக்குத் தமிழ்ல மெயில் தட்டுறாங்க. ஃபயர்ஃபாக்ஸ் போனா ஊரே கத்தும். தமிழ் கீபோர்டு போனா மாமி மட்டும்தான் கத்துவாங்க, அதுவும் என்கிட்ட :-)

ரிடையர் ஆனதையும் மறுபடி கொண்டுவர வழி இருக்கு. பார்த்துக்க ஒரு ஆள்தான் வேணும். யாராவது கை தூக்குறீங்களா?