உப்புத்தாள்

அப்பா முப்பது வருஷம் திருமுடிவாக்கம் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு அச்சுகளைத் தேய்த்தார். உப்புத்தாள், மண்ணெண்ணெய், துணி. இப்போது விரலில் ரேகை இல்லை. தாம்பரத்தில் எங்கள் ரேஷன் கடை மெஷினுக்கு அவரைத் தெரியவில்லை.

லேசரில் துரு எடுக்கும் வீடியோவைக் காட்டினேன். நானோ விநாடித் துடிப்புகள். துரு ஒளியை உறிஞ்சி ஆவியாகிவிடும். இரும்பை ஆவியாக்க அந்த ஆற்றல் போதாது, அதனால் அது தப்பிக்கும். "சூடு பரவ நேரமே கிடைக்காதுப்பா."

1981-ல் ஐபிஎம் ஆய்வகத்தில், மெட்ராஸில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனும் சகாக்களும் விருந்தில் மிஞ்சிய வான்கோழி மேல் 193 நானோமீட்டர் புறஊதா லேசரை விட்டார்கள். வெட்டிய ஓரம் கருகவில்லை. என் கண்ணாடியைக் கழற்றிய லேசிக் அங்கிருந்து வந்ததுதான். இங்க்ஜெட் பிரின்டரின் மெல்லிய துளைகளையும் இப்படிப் போடுகிறார்கள்.

"மெஷின் என்ன விலை?"

"லட்சக்கணக்கில வரும்பா."

"உப்புத்தாள் பத்து ரூபாதான்டா" என்றார்.

அவர் கையை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. நானும்தான், என் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான் வந்தது.

நாளைக்கு ரேஷன் கடைக்குக் கூட்டிப்போகணும். விரலுக்குப் பதிலாகக் கருவிழியைக் காட்டலாமாம்.