மதகைத் திறப்பது யார்?

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மஹிந்திரா சிட்டி. இதுதான் என் தினசரிப் பயணம். வேலை? மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துக் குறை கண்டுபிடிப்பது. "இதுக்குச் சம்பளமா?" என்று வியந்தார் மாமியார்.

"அத்தை, மதுராந்தகம் பக்கத்துல உங்க ஊர் ஏரியில, தண்ணி வேணும்கிறவங்க எல்லாம் போய் மதகைத் திறக்கலாமா?"

"அதெப்படி? நீர்க்கட்டி இல்ல திறக்கணும்!"

கம்ப்யூட்டரிலும் ஒரு நீர்க்கட்டி உண்டு. பெயர் கெர்னல். நாம் பயன்படுத்தும் செயலிகள் எந்தக் கருவியையும் நேரடியாகத் தொட முடியாது. கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள், ஃபர்ம்வேர். அது கெட்டால் கருவி வெறும் செங்கல். உங்கள் போன்கூட, அப்டேட் முடியும்வரை அணைக்காதீர்கள் என்று கெஞ்சுவது அதனால்தான்.

சில டிரைவர்கள், செயலி தரும் கட்டளையை ஒட்டிய கவர் மாதிரி அப்படியே ஃபர்ம்வேரிடம் சேர்த்துவிடும். நான் படிப்பது அவற்றைத்தான்.

கவரில் என்ன ஆபத்து? 2003-ல் மாண்ட்ரேக் 9.2 என்ற லினக்ஸ் வெளியானது. சிடி டிரைவுக்கு அது அனுப்பியது சாதாரணக் கட்டளைதான். எல்.ஜி.யின் சில டிரைவ்களோ அதை 'ஃபர்ம்வேரை மாற்று' என்று புரிந்துகொண்டன. அத்தனையும் செத்துப்போயின!

2025-ல் லினக்ஸ் 6.15-ல் இதற்கென்றே எஃப்.டபிள்யூ.சி.டி.எல். என்ற பொது வழி வந்தது. கம்பெனிகள் எல்லாவற்றையும் இதற்குள் மறைத்துவிடும் என்று சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். பெரிய சர்வர்களில் கோளாறு கண்டுபிடிக்க இது அவசியம் என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், அமைப்பை மாற்றுவது, பார்ப்பது, எழுதுவது, முழுமையாக எழுதுவது என நான்கு படிகள் வைத்தார்கள். கடைசிப் படிக்குத் தனி அனுமதி வேண்டும்.

சென்ற மாதம் டீமில் ஒரு தம்பி எழுதிய டிரைவர் என்னிடம் வந்தது. அழகான கோட். ஆனால், 'இது பார்க்க மட்டும்' என்று செயலி சொன்னால் அப்படியே நம்பியது.

"நம்ம டூல் மட்டும்தானேக்கா இதைக் கூப்பிடும்?"

"வாசல் திறந்திருந்தா நம்ம வீட்டு ஆளுங்க மட்டும்தான் வருவாங்களா, தம்பி?"

எந்தக் கட்டளை எந்தப் படி என்பதை டிரைவரே எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தெரியாத எண் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுதினேன். ரிலீஸ் நான்கு நாள் தள்ளிப்போனது. மேனேஜர் முகம் சுளித்தார். தம்பி இரண்டு நாள் பேசவில்லை. அந்த கார்டு போகப்போவது யாரோ ஒருவரின் சர்வருக்கு. அங்கே அது செத்தால், யாருடைய வேலை நிற்கும் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் நானும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் திருத்தி அனுப்பினான். கூடவே, நான் கேட்காத ஒன்றும் இருந்தது. கட்டளையின் நீளம் சரியா என்று பார்க்கும் இரண்டு வரிகள். அதை நானே கவனித்திருக்கவில்லை என்றதும்தான் தம்பி சிரித்தான்!