பட்டிப்பொலக் குளிரும் மூக்கின் தொண்டும்

தை மாதத்து விடியற்காலையில் பட்டிப்பொலப் புகையிரத நிலையத்தில் இறங்குவோரை முதலில் எதிர்கொள்வது குளிரே. கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடி உயரத்திலுள்ள இதுவே இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். இங்கிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்து ஹோட்டன் சமவெளிக்கு மாணவர் சிலருடன் நாம் நடந்து ஏறினோம். புல் நுனிகளில் உறைபனி உப்புப் பூத்தாற்போற் படிந்திருந்தது.

யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் ஏற்றத்தில் வாய்திறந்து மூச்சிரைத்தனர். சிறிது நேரத்தில் தொண்டை வறண்டு இருமலாயிற்று. தொய்வு நோயுள்ள ஒரு மாணவனுக்கு நெஞ்சு இறுகியது. அவனை அமர்த்தி, கொண்டுவந்த மருந்தை உள்ளிழுக்கச் செய்தோம். இரைப்பு ஆறியபின், “தம்பி, இனி மெல்ல நடவும், மூக்காலேயே மூச்செடும்” என்றோம்.

காரணம் இதுதான். உறைநிலையிலுள்ள ஒரு கன மீற்றர் காற்றுத் தாங்கும் நீராவி 5 கிராமிலுங் குறைவு. நுரையீரலின் ஆழத்திலோ காற்று 37 பாகை செல்சியஸ் வெம்மையும் 44 கிராம் ஈரமும் பெற்றிருத்தல் வேண்டும். இக்குறையைப் பெரும்பாலும் நிரப்புவது மூக்கே. அதனுள் இருபுறமும் மும்மூன்றாய்ச் சுருண்டு நிற்கும் எலும்புத் தகடுகளைக் குருதி நிறைந்த ஈரச்சவ்வு போர்த்துள்ளது. அவற்றினூடே செல்லுங் காற்றுக் கணப்பொழுதில் வெம்மையும் ஈரமும் பெறுகின்றது. வெளிவிடும் மூச்சிலும் ஒரு பங்கு ஈரத்தை அச்சவ்வு மீட்டுக்கொள்கின்றது. வாய்க்கு இவ்வாற்றல் குறைவு.

மலைநாடு செல்லும் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவைக்கும் பெற்றோர், நோயுள்ளோர்க்கு மருந்தையும், எல்லோர்க்கும் இச்சிறு பாடத்தையும் உடன் அனுப்புவார்களாக.