இழுத்த பக்கம் திரும்பாத புல்டோசர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான்.

"அக்கா, பெரியப்பா இருக்காரா? வண்டி வலது பக்கம் திரும்பவே மாட்டேங்குது."

வண்டி என்று அவன் சொன்னது புல்டோசரை. கடனில் வாங்கிய பழைய இயந்திரம். பிழைப்புக்கு அவனிடம் இருப்பது அது ஒன்றுதான். வேலை இல்லாமல் இரண்டு மாதம் மழையில் நின்றிருந்தது. மேரு பக்கம் ஒரு நிலத்தைச் சமப்படுத்த அன்றுதான் கொண்டு போயிருந்தான். பார்க்க வந்த மெக்கானிக், இரண்டு பக்கக் கிளட்சையும் கழற்றி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அந்தச் செலவுக்கு அவன் மனைவியின் நகைதான் அடகுக்குப் போக வேண்டும்.

அப்பா பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1995இல் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கினார்களே, அந்தச் சமயத்தில் மண் வேலைக்குப் போய் புல்டோசர் ஓட்டப் பழகியவர் அவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

அவர் பேசியது புரிய ஒரு சின்ன விளக்கம் தேவை. இந்த வகைப் பழைய புல்டோசரில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. இரண்டு பக்கச் செயினுக்கும் தனித்தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். வலது லீவரை இழுத்தால் வலது செயினுக்குப் போகும் விசை அறுபடும். இடது செயின் ஓடிக்கொண்டே இருப்பதால் வண்டி வலப்பக்கம் திரும்பும். கூடவே வலது பிரேக்கையும் மிதித்தால் நின்ற இடத்திலேயே வளையும்.

"பிளேடு நிறைய மண் தள்ளுறப்போ ஒரு பக்கமா இழுக்குதா?"

"இல்ல பெரியப்பா, நேராத்தான் போகுது."

"அப்போ கிளட்ச் வழுக்கல. எண்ணெய் இறங்கியிருந்தாலோ தேஞ்சிருந்தாலோ, பாரம் ஏறுனதும் அந்தப் பக்கம் ஓஞ்சிரும். லீவர் ரொம்ப லூசா இருக்கா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

லீவர் அளவுக்கு மீறி லூசாக இருந்தால் கிளட்ச் முழுசாக விடாதாம். கொஞ்சம்கூட லூசு இல்லாவிட்டால் எப்போதும் பாதி விட்டபடியே ஓடித் தேய்ந்துபோகுமாம். இரண்டுக்கும் அளவு திருத்தினாலே போதும், கழற்ற வேண்டியதில்லை.

"சரி. சின்ன கியர்ல போட்டு, வலது லீவரை இழுத்து, வலது பிரேக்கை லேசா மிதி. போனை உதவியாள் கையில கொடு."

தினமும் ஹெட்போனில் குரல்களைக் கேட்டே சம்பாதிப்பவள் நான். அந்தச் சத்தம் எனக்கும் பிடிபட்டது. பிரேக்கை மிதித்த நொடியில் இஞ்சின் முனகி இறங்கியது.

"கேட்டியா? பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. கிளட்ச்தான் விடாம அதோட மல்லுக்கட்டுது. பிரேக்கு போயிருந்தா இஞ்சின் இப்படித் திணறாது. மழையில நின்னு தட்டெல்லாம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு."

வைத்தியமும் சொன்னார். இஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். சின்ன கியரில் ஓட்டியபடி, லீவரை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும். அந்த அதிர்ச்சியில் ஒட்டிய தட்டுகள் பிரியலாம். "அதுக்கும் விடலைன்னா கழட்டத்தான் வேணும். ஆனா, சமதரையில செய். ஆளுங்களைத் தூரமா நிக்கச் சொல்லு. சரிவுல கை வைக்காதே."

"சரிவுல என்ன பெரியப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

ஓட்டப் பழகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். செங்குத்தான சரிவில் இறங்கும்போது வலப்பக்கம் திரும்ப வலது லீவரை மட்டும் இழுத்திருக்கிறார். வண்டி இடப்பக்கம் திரும்பிவிட்டது. சரிவில் வண்டியின் எடையே அதைக் கீழே தள்ளும். இஞ்சின்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். வலது கிளட்சை விட்டதும் வலது செயின் பிடி இல்லாமல் வேகமாக ஓடும். வண்டி எதிர்ப்பக்கம் வளையும். அங்கே லீவரோடு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இடப்பக்கம் அவருடைய உதவியாள் நின்றிருந்தார். "பையன் குதிச்சுட்டான். இல்லைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடமாக அம்மாவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

மதியம் இரண்டு மணிக்குத் தம்பியிடமிருந்து போன். ஏழெட்டு முறை மிதித்ததில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். வண்டி வலப்பக்கம் திரும்பிவிட்டதாம். அவன் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தன.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போனை என்னிடம் நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு நான் வர்றேன். சரிவுல இறங்குறதை நானே பக்கத்துல இருந்து காட்டுறேன். அதுவரைக்கும் மேட்டுல ஏத்தாதே, அய்யா."

முட்டி வலிக்கிறது என்று மூன்று மாதமாகப் படி இறங்காத மனிதர் அவர். நாளை மறுநாள் அந்த ஞாயிறு. காரை நான்தான் ஓட்டப்போகிறேன்.