காரின் இலக்கம்

வழிவிடவில்லையென்று சினந்து வாய்ச்சண்டையிட்ட ஒரு காரோட்டி, எங்கள் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவரின் மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். விழுந்தவருக்கு வலக்கை முறிந்தது; கை முறிந்தால் கூலியும் முறிந்ததன்றோ? துரத்திப் பிடித்து உதைப்போம் என்றனர் இளைஞர். தலைவிதியென்று விட்டுவிடுவோம் என்றனர் முதியோர். கிராணியாகிய நான் காரின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அடிபட்டவரை மருத்துவமனையிற் சேர்ப்பித்தபின், போலீஸ் நிலையத்திற் புகார் எழுதுவித்தேன்.

விபத்து நேர்ந்தால் வண்டியோட்டி நிற்கவேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கார் உடையவனுக்கும் அஃதே சட்டம்.

தோழர்களே! உதைத்தால் குற்றவாளிகளாவோம், வாய்மூடினால் அடிமைகளாவோம். இலக்கத்தைக் குறித்து நியாயம் கேட்பதே மானமுள்ளோர் வழி.