நடக்கும் நாற்காலி

நாற்காலிக்கு நான்கு கால்கள் என்பது பெயரளவில்தான். நாமறிந்த நாற்காலி எதுவும் ஓரடி எடுத்து வைத்ததில்லை. ஜப்பானியர் அதை நடக்க வைக்க முனைந்தனர். 2003-இல் வாசேதா பல்கலைக்கழகத்தார் ஆள் அமரும் இருகால் இயந்திரம் ஒன்றைச் செய்தனர். அடுத்த ஆண்டு டொயோட்டா நிறுவனம் 'ஐ-ஃபுட்' என்பதை அறிவித்தது. 2005-இல் ஐச்சி உலகப் பொருட்காட்சியில் அது மக்கள் முன் நடந்தது. உயரம் 2.36 மீட்டர், எடை 200 கிலோ. 60 கிலோ எடையுள்ளவரைச் சுமந்து மணிக்கு 1.35 கிலோமீட்டர் செல்லும், படியும் ஏறும். (நம் சங்கத்துப் பெரியவர் பலரை அந்த 60 கிலோ வரம்பே தள்ளிவிடும்!) வேகமோ, பிரகாரம் சுற்றும் பாட்டியின் வேகம்.

சக்கரத்துக்குச் சாலை வேண்டும். காலுக்கு அடி வைக்க இடமிருந்தால் போதும். ஆயினும் இருகாலில் நடப்பது எளிதன்று. ஒவ்வோர் எட்டிலும் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் விழுகிறது. மேலே அமர்ந்தவரோ பொம்மையல்லர். குனிவார், தும்முவார், பராக்குப் பார்ப்பார். அப்போதெல்லாம் பளுவின் நடுப்புள்ளி இடம் மாறும். இயந்திரம் அக்கணமே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். வாசேதாவினர் ஒரு காலுக்கு ஆறு நீளும் தண்டுகள் வைத்துச் சுமையைப் பகிர்ந்தளித்தனர்.

இதற்கு முன்பே, 1960-களின் பிற்பகுதியில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரால்ஃப் மோஷர் அமெரிக்க ராணுவத்துக்காக நான்கு கால் 'நடக்கும் லாரி'யை அமைத்தார். அமர்ந்தவரின் கைகள் அதன் முன்கால்களையும், கால்கள் பின்கால்களையும் இயக்கின. சிறிது நேரத்திலேயே ஓட்டுபவர் களைத்துப் போவார். ஏறியவரே நடப்பதென்றால் வாகனம் எதற்கு?

நாங்கள் இவற்றைத் தேடிப் படிக்கக் காரணம் உண்டு. தில்லியில் எங்கள் அரசுக் குடியிருப்பு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. ஊரில் தனியே விடலாகாதென்று அழைத்து வந்த தாயார், மூட்டு வலியால், இரண்டு ஆண்டுகளாகக் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டுமே. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, எதிர்வீட்டுச் சர்தார்ஜியின் மகனும் கைகொடுக்க, தூக்கிச் செல்வோம். படி திரும்பும் இடத்தில் கண்களை மூடிக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற அச்சமன்று. எங்கள் மூச்சிரைப்பைக் கேட்கப் பொறுக்காமல்தான். சபரிமலை டோலியில் ஏறுபவர் கூலி கொடுத்துவிடலாம். பெற்ற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? ஆகவே கோயில், கொலு எதுவும் வேண்டாமென்கிறார்.

2025-இல் தோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா நிறுவனத்தாரே படியேறும் நான்கு கால் நாற்காலி ஒன்றை மாதிரியாகக் காட்டினர். அதன் படத்தைத் தாயாரிடம் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு மூச்சு வாங்காதோ?" என்றார்.

வாங்காது என்றோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.